அத்தையின் தோப்பில் நின்ற மேகம்

தென்னை மரத்தை எண்ணவேண்டுமானால் மரத்தடிக்குப் போகவேண்டும் என்ற பழைய பழக்கத்தைக் கைவிடுவதென்று தென்னை வள இயக்ககம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானம் நிறைவேறிய அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்திருந்தால் வாசலில் நின்ற இரண்டு தென்னைகள் கண்ணில் பட்டு, கூட்டத்தின் கவனம் சிதறியிருக்கும்.

இனிமேல் எண்ணுவது செயற்கைக்கோளின் பொறுப்பு. அது வானத்திலிருந்து ஒரு படம் எடுக்கும். அந்தப் படத்தைக் கணினி பார்த்து, எது தென்னை, எது வேறு மரம், எது வீடு, எது தண்ணீர் என்று பிரித்துச் சொல்லும். கணினி சொன்னது சரிதானா என்று நூறு இடங்களில் மட்டும் ஆள் நேரில் போய்ப் பார்ப்பார். நல்ல யோசனைதான், குற்றம் சொல்ல முடியாது. யோசனைகள் எல்லாம் நல்லதாகத்தான் பிறக்கின்றன. அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் அவற்றின் சேர்க்கை கெட்டுப்போகிறது.

திட்டம் வந்த ஒரு மாதத்தில் இயக்ககத்தில் யாரும் மரம் என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. எல்லாம் 'படப்புள்ளி'. மார்பில் செயற்கைக்கோள் தைத்த நீலக் கோட்டு ஒன்று எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. மின்விசிறி சுற்றியும் வேர்த்துக் கொட்டுகிற கோடையில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீ வாங்கப் போகிறவர் "எத்தனை படப்புள்ளி?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

கோட்டு கிடைக்காதவர் ஒரே ஒருவர். பதினோரு வருஷமாக அங்கே தற்காலிகக் களப்பணியாளராக இருப்பவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'தற்காலிகம்'. "தற்காலிகம், அந்தக் கதவைச் சாத்துப்பா" என்பார்கள், அவரும் சாத்துவார். வெயிலில் அலைவதற்குக் கோட்டு எதற்கு என்று இயக்குநர் கேட்டதில் நியாயம் இருந்ததாக அவருக்கே தோன்றியது. கோட்டு போனால் போகட்டும், அவருடைய நிரந்தரப் பணி ஆணை இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. திட்டம் வெற்றி என்று அறிக்கை போன மறுநாள் கையெழுத்து என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

படம் எடுத்தாயிற்று, வரைபடமும் வந்தாயிற்று. அதே சமயம் தோப்புகளில் குருத்தழுகல் நோயும் வந்து சேர்ந்தது. பொல்லாத நோய் அது. உச்சியில் நடுக்குருத்து வாடிச் சாயும், பிடித்து இழுத்தால் கையோடு வரும். ஆரம்பத்திலேயே அழுகலை வெட்டியெடுத்து மருந்து பூசினால் மரம் பிழைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் மழைச்சாரலோடு பக்கத்து மரத்துக்குத் தாவி, ஒரே மழைக்காலத்தில் தோப்பை மொட்டையாக்கிவிடும். மருந்து கடையில் கிடைக்காது. போலி வந்துவிடும் என்பதால் கடையில் விற்கத் தடை போட்டு, இயக்ககமே விநியோகித்தது. வரைபடத்தில் தென்னை என்று காட்டிய தோப்புக்குத்தான் மருந்து.

ஒரு நாள் காலையில் தற்காலிகத்துக்கு அவருடைய மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, ஊர்ல எல்லாருக்கும் மருந்து ஏத்திக்கிட்டு வண்டி வருதாம். என் பேரு லிஸ்ட்லயே இல்லைங்கறாங்க. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

"எழுத்துல எங்கயாவது விட்டுப்போயிருக்கும் அத்தை. நான் பாத்துக்கறேன்."

"மூணு மரத்துல குருத்து சாஞ்சிருச்சு மாப்ள. சீக்கிரம் பாருங்க."

அத்தைக்கு நாற்பத்து மூன்று தென்னைகள். புருஷன் போன பிறகு அவரே குழி வெட்டி, அவரே குடத்தில் தண்ணீர் தூக்கி வளர்த்தவை. அந்தத் தேங்காயில்தான் பெண்ணைப் படிக்கவைத்தார், கட்டிக் கொடுத்தார், இன்றைக்கும் யார் கையையும் எதிர்பார்க்காமல் சாப்பிடுகிறார். மரத்துக்கு ஒன்று என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

தற்காலிகம் படப்பிரிவுக்குப் போனார். அங்கே இரண்டு திரைகளுக்கு நடுவில் நிபுணர் உட்கார்ந்திருந்தார். கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டிருந்தார்.

"சார், எங்க அத்தை தோப்பு விட்டுப்போச்சு."

நிபுணர் தேடிப் பார்த்தார். "எதுவும் விட்டுப்போகல. இதோ இருக்கே. மேகம்."

"மேகமா?"

"படம் எடுத்த நேரத்துல அங்க ஒரு மேகம் நின்னிருக்கு. அதனால அந்த நிலத்தோட வகைப்பாடு மேகம்."

"அதுக்குக் கீழ நாப்பத்து மூணு தென்னை இருக்கு சார்."

"கீழ என்ன இருக்குன்னு படத்துக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியலைன்னா காலியாவாவது விட்டிருக்கலாமே சார்?"

"அப்படி விட முடியாது. மொத்தப் பரப்பு நூறு சதவீதம் வரணும். தென்னை, மற்ற மரம், வீடு, தண்ணி எல்லாம் கூட்டினா ஒண்ணரை சதவீதம் குறைஞ்சது. மேகத்தைச் சேர்த்தோம், சரியாப்போச்சு." நிபுணர் பெருமையோடு சாய்ந்துகொண்டார். "நம்ம எல்லைக்குள்ள முன்னூத்துப் பன்னெண்டு ஹெக்டேர் மேகம் இருக்கு, தெரியுமா? இதுக்கு முன்னால எந்தக் கணக்கெடுப்புலயும் அதைக் கண்டுபிடிக்கல."

இன்னொரு படம் வாங்கிப் பார்த்தால் என்ன என்று தற்காலிகம் கேட்டார். வருஷத்துக்கு ஒரு படம்தான் அனுமதி, அடுத்தது அடுத்த வருஷம் என்றார் நிபுணர்.

தற்காலிகம் இயக்குநரிடம் ஓடினார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஏழை எளியவர் குறையைக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கேட்பதோடு நின்றுகொள்வதிலும் கிடையாது.

"தென்னைன்னா நம்ம துறை. மேகம்னா நம்ம துறை இல்லையேப்பா. வானிலை அலுவலகத்துல போய், அந்த மேகம் அந்த இடத்தை விட்டுப் போயிடுச்சுன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா. மேல நடவடிக்கை எடுக்கறேன்."

வானிலை அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இருந்தார். பெரிய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே பேசினார்.

"எந்த மேகம்?"

"போன மாசம் பதினாலாம் தேதி, காலையில பத்து இருபதுக்கு எங்க அத்தை தோப்பு மேல நின்னது சார்."

"அன்னைக்கு அந்தப் பக்கம் மேகம் வந்ததா எங்க பதிவுல இல்லையே. வராத மேகம் போயிடுச்சுன்னு எப்படி எழுதித் தர்றது?"

"அப்ப வரலைன்னே எழுதிக் குடுங்க சார். அதுவும் போதும்."

"வரலைன்னு எழுதணும்னா நாங்க அங்க நின்னு பாத்திருக்கணும். எங்க கருவி இருக்கறது இந்த மொட்டை மாடியில." எழுத்தருக்கும் மனசு கேட்கவில்லை. "வேணும்னா ஒண்ணு செய்யலாம். உங்க இயக்ககத்துல அந்த மேகத்தை எங்களுக்கு முறைப்படி மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. குடுத்த அன்னைக்கே போயிடுச்சுன்னு எழுதிடறேன்."

மேகத்தை மாற்றிக்கொடுக்கும் கோப்பு அன்றே எழுதப்பட்டது. சொத்தை மாற்றிக்கொடுக்கும் முன் அதன் நான்கு எல்லைகளையும் அளக்கவேண்டும் என்ற குறிப்போடு எட்டாம் நாள் மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. அதற்குள் அத்தையின் தோப்பில் குருத்து சாய்ந்த மரம் ஒன்பது.

வேறு எந்த வழியும் இல்லை என்று தற்காலிகம் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது கணினியே கருணை காட்டியது. நேரில் சரிபார்க்கும் நூறு இடங்களைக் கணினிதான் குலுக்கல் முறையில் பொறுக்கியிருந்தது. தொண்ணூற்றொன்பது இடங்கள் முடிந்துவிட்டன. நூறாவது இடம், மேக வகையின் சார்பில், நேராக அத்தையின் தோப்பில் விழுந்தது. பார்த்து எழுதவேண்டியவர் நம் தற்காலிகம்தான்.

படிவத்தைக் கையில் வாங்கியதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. படிவம் எளிமையானது. 'வரைபடத்தில் உள்ளது: மேகம். களத்தில் மேகம் உள்ளதா? ஆம் / இல்லை.' 'இல்லை' என்று ஒரு டிக் போட்டுவிட்டு, கீழே தென்னை நாற்பத்து மூன்று என்று எழுதினால் போதும். மருந்து வண்டி மறுநாள் அத்தை வீட்டு வாசலில் நிற்கும்.

போகுமுன் இயக்குநர் கூப்பிட்டார்.

"நூறுல இதுவரைக்கும் எத்தனை தப்பு?"

"பத்து சார்." பத்தும் தற்காலிகம் நேரில் பார்த்தவைதான். சொகுசு விடுதியின் நீச்சல் குளத்தைச் சுற்றி நட்டிருந்த பிளாஸ்டிக் மரங்களை 'மிக ஆரோக்கியமான தென்னை' என்று கணினி எழுதியிருந்தது. ஒரு மைதானத்தில் விரித்து வைத்த பச்சைக் குடைகள் 'இளந்தென்னை'. இப்படிப் பத்து.

"அப்ப தொண்ணூறு சதவீதம் துல்லியம். விதிப்படி தொண்ணூறு இருந்தா திட்டம் வெற்றி. நீ அங்க போய் மேகம் இல்லைன்னு எழுதினா?"

"எண்பத்தொன்பது சார்."

"எண்பத்தொன்பதுன்னா திட்டம் தோல்வி. தோத்த திட்டத்துல ஆளை நிரந்தரம் பண்ண முடியுமா? நீயே சொல்லு."

"ஆனா சார், அங்க மேகம் இல்லையே."

"யாரு இல்லைன்னது? இப்ப இல்லை. படம் எடுத்தப்ப இருந்துச்சில்ல? நீ சரிபார்க்கறது படத்தை. படம் எடுத்த நேரத்து உண்மைதான் உண்மை. நீ லேட்டாப் போய்ட்டு உண்மையைக் குறை சொல்லலாமா?" என்றவர், எழுந்து வந்து தோளில் கைபோட்டார். "பொய் எழுதுன்னு நான் சொல்லவே இல்லப்பா. நான் அப்படிப்பட்ட ஆளா?"

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் அந்தத் தோப்பில் ஓடியாடி வளர்ந்தவள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.

"பதினோரு வருஷங்க. இதை விட்டா உங்களுக்கு இனி எப்ப ஆகும்? நிரந்தரம் ஆகட்டும். அம்மாவுக்கு நாமளே நல்ல கன்னா வாங்கி நட்டுக் குடுத்துடலாம்."

"நட்டா காய்க்க ஆறேழு வருஷம் ஆகும்டி."

"தெரியும்," என்றாள். விளக்கை எதற்காகவோ ஒருமுறை அணைத்துப் போட்டாள்.

மறுநாள் தற்காலிகம் தோப்புக்குப் போனார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு மரமாகக் கூட்டிப் போய்க் காட்டினார். "இது என் பொண்ணு பொறந்தநாளுக்கு வெச்சது. இது காய் சின்னது, ஆனா தேங்காய்ப் பால் அவ்ளோ திக்கா வரும். இதுக்குத்தான் மாப்ள மொதல்ல சாஞ்சுச்சு." தற்காலிகம் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.

படிவத்துக்கு ஊர்க்காரர் ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். சாட்சிகள் முன்கூட்டியே வந்து நின்றார்கள். ஊருக்கு இத்தனை புட்டி மருந்து என்று மொத்தமாக ஒதுக்கியாயிற்று, அதைப் பட்டியலில் உள்ளவர்கள் பிரித்துக்கொள்ளவேண்டியது. அத்தையின் தோப்பு பட்டியலில் ஏறினால் ஆளுக்கு இரண்டு புட்டி குறையும். இந்தக் கணக்கு ஊரில் எல்லோருக்கும் தெரியும், அத்தை ஒருவரைத் தவிர.

பக்கத்துத் தோப்புக்காரர்தான் முதலில் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"படம் பிடிச்ச அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன். நல்ல மேகம். கருகருன்னு."

"வெள்ளையா இருந்துச்சுன்னு படத்துல இருக்குங்க," என்றார் தற்காலிகம், தரையைப் பார்த்தபடி.

"மேல வெள்ளையா இருந்திருக்கும். கீழேருந்து பாத்த எங்களுக்குக் கருப்பு."

இதைவிடத் துல்லியமான சாட்சி எங்கே கிடைக்கும்? ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தற்காலிகம் பேனாவை எடுத்தார். அத்தை உள்ளே அவருக்காக இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். 'ஆம்' என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது. ரொம்பச் சின்ன டிக்.

"எழுதிட்டீங்களா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் அத்தை.

"எழுதிட்டேன் அத்தை."

"நல்லா இருங்க," என்றார்.

திட்டம் வெற்றி பெற்றது. பாராட்டு விழாவில் இயக்குநருக்குக் கண்ணாடியில் செய்த தென்னை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். தற்காலிகத்துக்கு ஆணை வந்தது, நீலக் கோட்டும் வந்தது. அன்றிலிருந்து அவரை எல்லோரும் 'நிரந்தரம்' என்று கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தும் வேலை மட்டும் மாறவில்லை.

நோய்க்கு வரைபடம் படிக்கத் தெரியவில்லை. மழை தொடங்கியதும் மருந்து படாத நாற்பத்து மூன்று மரங்களிலிருந்தும் சாரலில் ஏறிப் பக்கத்துத் தோப்புக்குப் போனது. அங்கே மருந்து பூசியிருந்தார்கள். ஆனால் அதன் வீரியம் ஒரு மாதம்தான், மழை மூன்று மாதம். கூடுதலாகக் கிடைத்த இரண்டிரண்டு புட்டிகளையும் எல்லோரும் ஊற்றித்தான் பார்த்தார்கள். நாசம் பிடித்த நோய் இந்தப் பக்கத்தில் ஓயாமல் ஊறிக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்தில் புட்டி என்ன செய்யும்? அத்தை ஒவ்வொரு மரமும் விழும்போது கூடவே போய் நின்றார். கடைசி மரத்துக்குப் போகவில்லை, உள்ளேயே படுத்திருந்தார். மழைக்காலம் முடிந்தபோது ஊரில் இருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் தென்னைகளில் ஒன்றுகூட நிற்கவில்லை.

அடுத்த வருஷத்துப் படம் வந்தது. பொட்டு மேகம் இல்லாத, அற்புதமான படம். அந்த ஊர் இருந்த இடத்தில் வெறும் தரை பளிச்சென்று தெரிந்தது. நிபுணர் கோட்டைக் கழற்றிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், இதை இப்படியே வெளியிட்டா மரம் எங்கன்னு கேப்பாங்களே."

இயக்குநர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "தரைன்னு போட்டா நம்ம துறை பதில் சொல்லணும். மேகம்னு போட்டா யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை," என்றார். "ஊர் முழுக்க மேகம் போடுங்க. சாட்சி வாங்கறது நிரந்தரத்தோட பொறுப்பு."

போன வருஷப் படிவத்தை மாதிரிக்கு எடுக்க நிரந்தரம் ஆவண அறைக்குப் போனார். வெற்றி அறிக்கை அலமாரியில் இருந்தது. மேலிடத்துக்குப் போய்வந்ததற்கான முத்திரை இருந்தது. சுற்றிய பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. அடுத்த அடுக்கில் வேறொரு வட்டாரத்தின் அறிக்கை. அதில் துல்லியம் எழுபத்தொரு சதவீதம். அந்தத் திட்டமும் வெற்றிதான். அந்த உறையையும் யாரும் பிரிக்காமலேயே எண் மட்டும் வெளியே ஒட்டியிருந்தது. நிரந்தரம் போன வருஷப் படிவத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஊரில் சாட்சி வாங்குவது சுலபமாக முடிந்தது. தென்னை இல்லாத தரை என்றால் அது தரிசு, தரிசுக்கு எதுவும் கிடையாது. மேகத்தால் மறைக்கப்பட்ட தோப்பு என்றால், மேகம் விலகியதும் புதுக் கன்றுகள் கிடைக்கும் என்று இயக்ககம் அறிவித்திருந்தது. நண்பகலில் ஊரே வரிசையில் நின்று, தங்கள் தலைக்கு மேலே மேகம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டது. பக்கத்துத் தோப்புக்காரர் இந்தத் தடவையும் அதன் நிறத்தைச் சொன்னார்.

அத்தையின் முறை வந்தது. படிவத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார்.

"போன வருஷம் என் தோப்புல வெச்சு எழுதிக்கிட்டுப் போனதும் இதானா மாப்ள?"

"ஆமா அத்தை."

"அன்னைக்கு நீங்க 'இல்லை'ல டிக் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

பொய் சொல்ல நிரந்தரத்துக்கு எத்தனையோ வாய்ப்பு இருந்தது. "தொண்ணூறு எண்பத்தொன்பது ஆகியிருக்கும் அத்தை," என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் உங்களுக்கு மருந்து வந்திருக்கும். எங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

அத்தை அவர் முகத்தையே பார்த்தார். அவர் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார். பேனாவை வாங்கி, கன்று வேண்டுமே, 'ஆம்' என்ற கட்டத்தைத் தேடினார். கண் கலங்கியிருந்ததால் கட்டம் சரியாகத் தெரியவில்லை.

வரிசையில் பின்னால் நின்ற பக்கத்துத் தோப்புக்காரர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் சீக்கிரம் போடுங்கம்மா, வெயில் மண்டையப் பிளக்குது" என்றார்.